திரை மூலையில் நூற்று நாற்பத்து நான்கு

இறுதிப் போட்டி தொடங்கும் முன்பே செல்வதாஸ் ஃபிளக்ஸ் அடித்து வைத்துவிட்டார். 'மாநிலப் போட்டிக்குச் செல்லும் மார்த்தாண்டத்தின் மாவீரன்' என்று மகன் ஷாஜனின் படம். ஓரத்தில் தன் படம், மகனுடையதைவிடக் கொஞ்சம் பெரிதாக.

கம்ப்யூட்டரில் சுட்டு விளையாடும் இந்தப் போட்டி நடப்பதும் அவருடைய கேமிங் சென்டரில்தான். மஸ்கட்டிலிருந்து திரும்பியதும் போட்ட கடை அது.

ஒரே ஒரு இடைஞ்சல், முட்டத்துப் பெமிலா. இந்தக் கல்லூரி மாணவி முந்தைய சுற்றுகளை எல்லாம் வீட்டில் இருந்தபடியே ஆன்லைனில் ஆடி, எதிர்ப்பட்டவர்களைச் சுட்டுத் தள்ளிவிட்டு ஷாஜனோடு மோத வந்திருந்தாள்.

"அப்பா, அவளுக்க கை பயங்கர ஸ்பீடு. எனக்கு பேடியா இருக்கு," என்று பயந்தான் ஷாஜன்.

"நீ சும்மா இரி மக்கா. கை மட்டும் ஓடினா போதுமா? கம்ப்யூட்டரும் ஓடண்டாமா?"

அதுதான் சூட்சுமம். நொடிக்கு எத்தனை படங்கள் திரையில் ஓடுகின்றன என்பதுதான் இந்த விளையாட்டுக்கு உயிர். நூற்றைத் தாண்டினால் காட்சி வழுக்கிக்கொண்டு போகும். இருபது, முப்பதுக்கு இறங்கினால் எதிரி தத்தித் தத்தித் தெரிவான். நாம் குறி பார்ப்பதற்குள் நம்மைச் சுட்டுவிட்டுப் போயிருப்பான். எண் எத்தனை என்பது திரையின் மூலையில் தெரிந்துகொண்டே இருக்கும்.

பெமிலாவுக்கு ஒதுக்கிய நாலாம் நம்பர் கம்ப்யூட்டரை இருபத்தைந்துக்கு மேல் ஓடாதபடி செல்வதாஸ் கட்டிப் போட்டார். மூலையில் மட்டும் '144' என்று பொய்யாக மின்ன வைத்தார். உண்மையான எண் கல்லா மேசையில் இருந்த அவருடைய திரைக்கு மட்டும் வரும். எல்லாம் முடிந்ததும், போட்டி நல்லபடியாக நடக்க வேண்டும் என்று கண்ணை மூடி ஒரு சின்ன ஜெபமும் செய்துகொண்டார்.

நடுவர் சபிதா நாகர்கோவிலிலிருந்து வந்து சேர, ஆட்டம் தொடங்கியது. ஐந்து சுற்றில் மூன்றை ஜெயிப்பவருக்குக் கோப்பை.

முதல் சுற்றில் பெமிலாவின் குண்டுகள் சுவரிலும் மரத்திலும் பாய்ந்தன. ஷாஜன் ஜெயித்தான். செல்வதாஸ் எலுமிச்சை ஜூஸோடு அவளருகே போனார்.

"கம்ப்யூட்டர் எப்பிடி மக்களே? ஒண்ணும் குறை இல்லியே?"

"சூப்பரா இருக்கு அங்கிள்!"

சிரிப்பை அடக்க அவருக்கு இருமல் தேவைப்பட்டது.

ஆனால் இரண்டாம் சுற்று பெமிலாவுக்கு. மூன்றாவதும் அவளுக்கே. செல்வதாஸ் தன் திரையைப் பார்த்தார். இருபத்தைந்து. தட்டிப் பார்த்தார். அதே இருபத்தைந்து. நான்காவது சுற்றில் ஷாஜன் கதவுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டியதும் விழுந்தான். கோப்பை முட்டத்துக்கு என்று முடிவாகிவிட்டது.

"கள்ளத்தனம்!" செல்வதாஸ் குதித்து எழுந்தார். "இவ என்னமோ சாஃப்ட்வேர் ஏத்தியிருக்கா. பையைச் சோதிங்க மேடம்!"

சபிதா பையைச் சோதித்தார், கம்ப்யூட்டரையும் குடைந்து பார்த்தார். பெமிலா கொண்டுவந்த எதுவும் அதில் இல்லை.

"சந்தேகப்பட என்ன காரணம் சார்?"

"என்ன காரணமா? வெறும் இருபத்தஞ்சுல ஓடுத கம்ப்யூட்டர்ல மனுசனாப் பெறந்த ஒருத்தனால இப்பிடிச் சுட முடியுமா? நீங்களே சொல்லுங்க!"

சபிதா குனிந்து பெமிலாவின் திரை மூலையைப் பார்த்தார். நூற்று நாற்பத்து நான்கு. மெதுவாக நடந்து கல்லாவுக்கு வந்து, அங்கே மின்னிய இருபத்தைந்தைப் பார்த்தார்.

ஷாஜன் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுத் தலையைத் தொங்கப் போட்டான்.

"அப்பா... வாயை வச்சிட்டு சும்மா இருந்திருக்கலாம்."

"இனி இந்தக் கடையில எந்தப் போட்டியும் கிடையாது," என்ற சபிதா, போலீசுக்கு எழுதப் போவதாகவும் சொன்னார். செல்வதாஸ் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

சபிதாவுக்கு ஒன்று மட்டும் பிடிபடவில்லை. பெமிலாவிடம் திரும்பினார்.

"இவ்வளவு மெதுவான கம்ப்யூட்டரைத் தந்து உன்னை ஏமாத்தியிருக்காரு. ஒரு வார்த்தை புகார் சொல்லலியே நீ?"

பெமிலா விழித்தாள்.

"இது மெதுவா மேடம்? எங்க வீட்டுல பன்னெண்டுக்கு மேல கிட்டாது. இந்த ஸ்பீடு பழகவே எனக்கு ஒரு சுற்று ஆச்சு. அங்கிள் தந்த கம்ப்யூட்டர்லதான் எதிரி வாறது மொத தடவையா எனக்குக் கண்ணுல தெரிஞ்சுது!"