கூட்டல் குறி

திரையில் 'க' வந்தது.

கம்பு. கடலை. கழுதை. கத்தரிக்காய். கயத்தாறு.

வாய் திறக்கக் கூடாது. நாக்குகூட அசையக் கூடாது. மனசுக்குள் மட்டும் சொல்ல வேண்டும்.

ஸ்கேன் குழாய்க்குள் செண்பகவல்லி மல்லாந்து கிடந்தாள். கண்ணுக்கு மேலே கைக்கண்ணாடி அளவில் ஒரு கண்ணாடி. அதில்தான் திரை தெரிந்தது. சுற்றிலும் எந்திரம் தட்டிக்கொண்டே இருந்தது.

எழுத்து போய்க் கூட்டல் குறி வந்தது.

இப்போது எதையும் நினைக்கக் கூடாது. முப்பது நொடி சும்மா இருக்க வேண்டும்.

சும்மாதான் இருந்தாள்.

கூட்டல் குறி மருந்துக்கடை போர்டு மாதிரி இருந்தது. மருந்துக்கடை என்றால் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருப்பது. அதன் முன்னால்தான் எட்டயபுரம் வண்டி நிற்கும். எட்டயபுரம், விளாத்திகுளம் செல்லும் பயணிகள் கவனத்திற்கு...

அடுத்த எழுத்து வந்துவிட்டது.

*

செண்பகவல்லி கோவில்பட்டிப் பேருந்து நிலையத்தில் மைக்கில் அறிவிப்பு சொல்கிறவள். பத்தொன்பது வருஷமாக.

போன மாதம் மைக்கைப் பிடித்தபடியே விழுந்தாள். வலிப்பு. படம் எடுத்துப் பார்த்தார்கள். தலைக்குள் இடது பக்கம், எலுமிச்சை அளவில் ஒரு கட்டி.

முக்கால்வாசிப் பேருக்கு மேல் பேச்சு குடியிருப்பது அந்தப் பக்கம்தான். அங்கேதான் என்றால் கத்தி வைக்க யோசிக்க வேண்டும், வைத்தால் பேச்சு போய்விடலாம் என்றார் அறுவை மருத்துவர்.

அவள் இடது கைக்காரி. இடது கைக்காரர்கள் சிலருக்கு அது வலது பக்கம் இருக்குமாம். சிலருக்குத்தான்.

இவளுக்கு எந்தப் பக்கம், பார்த்துவிடலாம் என்று கீழே ஸ்கேன் அறைக்கு அனுப்பியிருந்தார்.

*

ஸ்கேன் எடுக்கும் ஜெபராணி உள்ளே வந்து அவளை வெளியே இழுத்தாள்.

"அக்கா, கூட்டல் குறி வந்தப்போ என்ன செஞ்சீங்க?"

"சும்மாதாம்மா இருந்தேன்."

"நெசமாவா?"

"லேசா... எட்டயபுரம் வரைக்கும் போயிட்டு வந்தேன்."

ஜெபராணி சிரித்துவிட்டாள். பிறகு விளக்கினாள். வார்த்தை நினைக்கும்போது எடுத்த படத்திலிருந்து, சும்மா இருக்கும்போது எடுத்ததைக் கழிப்பார்கள். மிச்சம் நிற்பதுதான் பேச்சு இருக்கும் இடம். இரண்டிலும் பேசிக்கொண்டே இருந்தால் கழித்த பிறகு மிச்சம் ஒன்றும் இருக்காது.

இல்லைதான். கணினித் திரை சாம்பலாகவே கிடந்தது.

கதவருகே நின்ற புருஷன் சுடலைமுத்து எட்டிப் பார்த்தான்.

"இவ சும்மா இருந்து நா பாத்ததே இல்லம்மா. தாலி கட்டுறப்பவே, முடிச்சு இறுக்கமா இருக்கான்னு கேட்டவ."

*

இரண்டாம் முறை பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றாள்.

நினைக்காதே, நினைக்காதே என்று நினைத்தாள். அதுவும் வார்த்தைதான்.

உண்மையில் அவளுக்குப் பயம். வார்த்தை போய்விடலாம் என்று கேட்ட நாளிலிருந்து அவள் ஒன்றையும் விடவில்லை. படுத்தால், எழுந்தால், ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள். ஊர்ப் பெயர். காய்கறிப் பெயர். பள்ளிக்கூடத்தில் உடன் படித்தவர்கள் பெயர். சொல்லிக்கொண்டே இருந்தால் போகாது என்று ஒரு நம்பிக்கை.

அதை ஜெபராணியிடம் சொன்னாள்.

ஜெபராணி இந்தத் தடவை சிரிக்கவில்லை. கணினி முன்னால் உட்கார்ந்து எதையோ மாற்றினாள். பிறகு எழுந்து வந்தாள்.

"நீங்க சும்மா இருக்க வேணாம்க்கா. கூட்டல் குறியைத் தூக்கிட்டேன். அதுக்குப் பதிலா ரெண்டு கோட்டுப் படம் வரும். ரெண்டும் ஒண்ணா இருந்தா கையில தர்ற இந்தப் பட்டனை அமுக்குங்க. அம்புட்டுதான்."

*

கோடுகள் வந்தன.

சாய்ந்த கோடு நான்கு. பக்கத்தில் நான்கு. ஒன்றா? அமுக்கினாள். அடுத்தது. ஒன்று மட்டும் வேறு பக்கம் சாய்ந்திருந்தது. அமுக்கவில்லை. அடுத்தது. அடுத்தது.

சட்டென்று திக்கென்றது.

இவ்வளவு நேரமாக ஒரு வார்த்தையும் வரவில்லை.

கோடு போனது. திரையில் 'ப' நின்றது.

பனை. பருத்தி. பம்பரம். பசலை. பரமன்குறிச்சி. பவளம் டீச்சர்.

அத்தனையும் வந்தன. யாரும் பிடித்து வைக்காமலே, தாமாக, ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு. அவள் விட்ட நேரத்திலும் எங்கேயோ பத்திரமாக இருந்திருக்கின்றன.

கண்ணோரம் வழிந்த நீர் காதுக்குள் போனது. துடைக்க முடியாது. தலை அசையக் கூடாது.

கூசியது. சிரிப்பு வந்தது. அதையும் அடக்கினாள்.

*

அறுவை மருத்துவரே இறங்கி வந்து பார்த்தார்.

ஜெபராணி ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தாள்.

சாம்பல் நிற மூளை. ஒரு பக்கம் கட்டி. மறுபக்கம், அதிலிருந்து வெகு தூரத்தில், ஆரஞ்சு நிறத்தில் ஒரு திட்டு.

அவர் படத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பச் சொன்னார். இன்னொரு முறை கழிக்கச் சொன்னார். அதே இடம்தான்.

"கட்டியை எடுத்துரலாம்," என்றார்.

சுடலைமுத்து இன்னொரு தடவை சொல்லச் சொன்னான். சொன்னார்.

அவன் ஓசூரில் இருக்கும் மகளுக்கு போன் போட்டான். அவள் எடுத்ததும் போனை மனைவியிடம் நீட்டினான்.

"நீயே சொல்லு."

செண்பகவல்லி ஆஸ்பத்திரி அங்கியோடு நாற்காலியில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். காலையில் பஸ் ஏறியதிலிருந்து ஆரம்பித்தாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கண்டக்டருக்கு இவள் குரலை அடையாளம் தெரிந்தது.

"அம்மா, டாக்டர் என்ன சொன்னாரு? மொதல்ல அதைச் சொல்லும்மா!" போனுக்குள் மகள் கத்தினாள்.

"இருடீ. அங்கதான் வாரேன்."

வெளியே அடுத்தவர் காத்திருந்தார். கூப்பிட வேண்டும்.

ஜெபராணி கதவுக் கைப்பிடியில் கை வைத்தாள். திறக்காமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.