வழியனுப்பினார்கள்

மகன் என்னை வெளியேற்றியது ஊருக்குத் தெரியக் கூடாது. அதனால்தான் என்னை யாரும் அறியாத இந்தப் பஸ் நிறுத்தத்தில், பையை மடியில் வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொரு பஸ்ஸுக்கும் எழுந்து, பலகையைப் பார்த்துவிட்டு மறுபடி உட்காருவேன். காத்திருப்பவனைப் பிச்சைக்காரன் என்று எவனும் சொல்ல முடியாது.

டீக்கடை ரோசம்மா இட்லிப் பொட்டலத்தை நீட்டினாள். "வீட்ல சாப்பிட்டுத்தாம்மா வந்தேன்" என்றேன்.

"எப்போ, போன மாசமா?" என்றாள்.

தெருக்காரர்கள் முதியோர் இல்லத்து வேனை அழைத்து வந்தார்கள். "சொந்தக்காரங்க பேரைச் சொல்லுங்கய்யா" என்றார்கள் வேனில் வந்தவர்கள். மகன் பெயரையா சொல்வேன்? "என் பஸ் இன்னும் வரல" என்றேன்.

இன்று காய்ச்சலில் எழுந்து நிற்க முடியவில்லை. தெருவே கூடிவிட்டது. "வேன்ல ஏற மாட்டாரு. பஸ்லயாவது ஏத்திவிடுவோம்" என்றான் ஆட்டோ அந்தோணி. வந்த பஸ்ஸை மறித்து, என்னைத் தூக்கி ஜன்னலோரம் உட்கார வைத்தார்கள். ரோசம்மா என் மடியில் இட்லிப் பொட்டலத்தை வைத்தாள். எல்லோரும் சொந்தக்காரர்களைப் போலக் கையசைத்தார்கள்.

பஸ் நகர்ந்தது. "பெரியவரே, எங்க எறங்கணும்?" என்றார் நடத்துனர்.

சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டேன்.

"அடுத்த ஸ்டாப்புதாம்பா."