அரை நூல் ஆட்டம்

"இப்போ கேட்டுதா?"

"ஒண்ணும் கேக்கல்ல அண்ணே. ஒருக்கக்கூடி சுத்துங்க."

கட்டிலுக்கு அடியில் மல்லாந்து கிடந்த ராஜதாஸ் கைப்பிடியைச் சுற்றினான். கட்டிலின் வலப்பக்கம் இம்மி இம்மியாக உயர்ந்தது. மேலே அவன் மனைவி பிரேமகுமாரி, மார்புக்குக் குறுக்கே பட்டை கட்டி, கூரை ஓடுகளைப் பார்த்தபடி கிடந்தாள்.

ராஜதாஸோடு வேலை செய்யும் ரெத்தினதாஸ் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையைக் கட்டில் சட்டத்தில் ஊன்றி, பிடியைக் காதில் அழுத்தியிருந்தான். பனச்சமூட்டு லேத் பட்டறையில் ஒரு மெஷினுக்கு உள்ளே என்ன கோளாறு என்று இருவரும் அப்படித்தான் கேட்பார்கள்.

"டாக்டரு என்ன செல்லுதாரு?" என்றாள் பிரேமகுமாரி.

"நெஞ்சில சளி இல்ல மைனி. ஆளு நூறு வயசு இருக்கும்."

"கட்டிலுக்கா, எனக்கா?"

ரெத்தினதாஸ் சிரித்தான். ராஜதாஸ் சிரிக்கவில்லை. அவன் காது மேலேயே இருந்தது.

தொண்ணூற்று நாலு ஓணத்துக்கு மறுநாள், குன்னத்துகால் வளைவில் அவள் வந்த ஜீப் கவிழ்ந்தது. அன்றோடு அவளுக்கு இடுப்புக்குக் கீழே எல்லாம் மரத்துப்போனது. இனி அது திரும்பாது என்று டாக்டர் சொன்னார். படுக்கைப் புண் வராமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இடப்பக்கமும் வலப்பக்கமுமாக மாற்றிச் சாய்க்க வேண்டும்.

ராஜதாஸ் தனக்குத் தெரிந்த வழியில் அதைச் செய்தான். தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை நடுவில் ஒரு லாரி அச்சை ஓட்டி, கட்டிலைத் தராசுபோல் அதன்மேல் நிறுத்தினான். ஓரத்தில் தூக்குவதற்குப் பழைய ஜாக்கி ஒன்றின் ஸ்க்ரூ. சுற்றினால் கட்டில் ஒரு பக்கம் சாயும். திருப்பிச் சுற்றினால் மறுபக்கம்.

ஒரே ஒரு குறை இருந்தது.

கட்டில் மட்டத்தைக் கடக்கும் கணத்தில் அவள் பாரமும் பக்கம் மாறும். அதுவரை ஸ்க்ரூவைக் கீழே அழுத்திய பாரம் மேலே இழுக்கத் தொடங்கும். ஸ்க்ரூவுக்கும் நட்டுக்கும் நடுவே மரை தேய்ந்து அரை நூல், ஓர் அரிசி கனத்துக்கு, ஆட்டம். அந்த அரை நூல் தூரத்துக்குக் கட்டில் விழும்.

டக்.

உடனே பிரேமகுமாரி கண்ணை மூடிக்கொண்டு, "ஹா" என்பாள்.

முதுகு நோகிறது என்று ராஜதாஸ் எண்ணினான். பட்டறையில் யார் கடைந்த நட்டு ஆடினாலும் அவனுக்குப் பல் கூசும். இங்கே அவன் கையால் செய்த கட்டிலே அவளை ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை உதைத்துக்கொண்டிருந்தது.

பவுடர் டப்பாத் தகரத்தை வெட்டி இடையில் செருகினான். ஒரு வாரத்தில் அது அரைபட்டு உதிர்ந்தது. நட்டை இரும்பறுக்கும் வாளால் கீறி நெருக்கிப் பார்த்தான். கைப்பிடி அசைய மறுத்தது.

ரெத்தினதாஸ்தான் வழி சொன்னான். ஒரு நட்டு போதாது, இரண்டு வேண்டும். நடுவில், அவள் பாரத்துக்கு மசியாத ஸ்பிரிங். ஒன்று மேலே தள்ளும், மற்றது கீழே தள்ளும். நடுவில் அகப்பட்ட மரைக்கு நகர இடமே இருக்காது.

பழைய நட்டையும் போட்டு உருக்கி, வெண்கலத்தில் இரண்டு புது நட்டு வார்த்தார்கள். ஒரு மாதம், மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் ராஜதாஸ் லேத்தின் முன்னால்தான் நின்றான்.

இப்போது அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு மட்டத்தைக் கடந்து சுற்றினான். திரும்ப இந்தப் பக்கம். மறுபடி அந்தப் பக்கம். கயிறு அவிழ்ந்த வள்ளம் நெய்யாற்றில் சாய்வதுபோல் கட்டில் சாய்ந்தது.

சத்தம் இல்லை. அவளும் "ஹா" என்று சொல்லவில்லை.

"கொள்ளாம்!" ரெத்தினதாஸ் ஸ்க்ரூ டிரைவரைக் காதிலிருந்து எடுத்தான். "அண்ணே, சாதனம் வெண்ணெயாக்கும். இதுல ஒண்ணு நம்ம பஸ்சுக்கு வச்சுக் குடுத்தா, வெள்ளறடை ரோட்டுல குழி இருக்கியதே தெரியாது. வாறேன் மைனி."

அவன் கையில் மண்ணெண்ணெய் தேய்த்துக் கழுவிவிட்டு, பஸ்சைப் பிடிக்க ஓடினான்.

ராஜதாஸ் கட்டிலுக்கு அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்தான். முழங்கையெல்லாம் கிரீஸ். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவள் முகத்தை நேராகப் பார்க்க அவனுக்குத் தைரியம் வந்திருந்தது.

"இனி நோவாது பிள்ளே," என்றான்.

அவள் கை போர்வைக்குள் தொடையை அமுக்கி அமுக்கி எதையோ தேடிக்கொண்டிருந்தது.

"நொந்தது இல்ல," என்றாள். "அது விழும்போ வலத்தே காலுல ஒரு இழுப்பு வரும். முட்டு வரைக்கும். கண்ணு சிமிட்டுத நேரம்தான். எனக்கு காலு உண்டுன்னு அப்ப மட்டும் தெரியும்."

ராஜதாஸ் கிரீஸ் கையைக் கைலியில் துடைத்தான். மறுபடியும் துடைத்தான்.

"நீ ஏன் செல்லல்ல?"

"செல்லியிருந்தா டாக்டருகிட்ட கொண்டு போயிருப்பிய. அது ஒண்ணும் இல்லன்னு அவரு செல்லிப்போட்டா, பின்ன எனக்கு அதுவும் இல்ல."

ராஜதாஸ் குனிந்து கட்டிலுக்கு அடியில் புது நட்டுகளைப் பார்த்தான்.

"இஞ்ச பாருங்க," என்றாள் பிரேமகுமாரி. "அடுத்து சாய்க்க இன்னும் ரெண்டு மணிக்கூர் உண்டும்லா? அதுக்கு முன்ன பழையபடி ஆக்கித் தருவியளா?"