தேறுதல் அக்காவின் செய்முறைத் தேர்வு

"இன்னிக்கு எங்கண்ணனை முடிச்சிடப்போறேன்க்கா."

அவன் இப்படிச் சொன்னதும் தேறுதல் அக்காவுக்கு உள்ளுக்குள் சந்தோஷம் பொங்கியது. அப்பாடா, படித்த கேள்வியே வந்துவிட்டது!

தப்பாக நினைக்காதீர்கள். அது அவருடைய செய்முறைத் தேர்வு. அந்த ஆஸ்பத்திரியில் சாகக் கிடப்பவர்களுக்கும், அவர்களைப் பறிகொடுத்தவர்களுக்கும் ஆறுதல் சொல்லும் ஆன்மிக ஆலோசகர் அவர். வார்டு முழுக்க 'தேறுதல் அக்கா' என்றால்தான் தெரியும்.

இத்தனை வருஷமாக யாரும் அவரிடம் சான்றிதழ் கேட்டதில்லை. இப்போது ஆலோசகர் மன்றம் என்று ஒன்று முளைத்து, அங்கீகாரம் இல்லாதவர்கள் அடுத்த மாதம் முதல் வார்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்றுவிட்டது. இதில் கோட்டை விட்டால் வேலை போச்சு.

தேர்வு நடந்தது அக்கா தினமும் உட்காரும் அறையிலேயே. துக்கத்தில் இருப்பவர் போல நடிக்க ஒரு நாடகக் குழுவிலிருந்து ஆள் வருவார், அவருக்கு அக்கா ஆறுதல் சொல்லிக் காட்ட வேண்டும். அந்த ஆளை அக்காவும் பார்த்ததில்லை, மூலையில் உட்கார்ந்திருந்த தேர்வாளரும் பார்த்ததில்லை.

தாடியோடு உள்ளே நுழைந்ததுமே அவன் மூலையைக் காட்டி, "இவர் யாரு?" என்று கேட்டிருந்தான்.

"நான் இங்க இல்லைன்னே நெனச்சுக்கங்க" என்றார் தேர்வாளர்.

அக்கா நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அண்ணன் மேல அப்படி என்னப்பா கோவம்?"

"அம்மாவோட மூச்சு மெஷினை நிறுத்தச் சொல்லிக் கையெழுத்துப் போட்டது அவன்தான். என்னை ஒரு வார்த்தை கேக்கல. நான் வந்து சேர்றதுக்குள்ள அம்மா போயிட்டாங்க." அவன் குரல் ஏறவே இல்லை. "வண்டியில கத்தி இருக்கு."

அடேயப்பா, என்ன நடிப்பு! தேர்வாளர் மதிப்பெண் போடக்கூட மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா தடுமாறவில்லை. மன்றத்தின் விதி அவருக்கு மனப்பாடம். கேட்டது எதுவும் வெளியே போகக் கூடாது. ஓர் உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் சொல்லியே ஆக வேண்டும், அதையும் வந்தவரிடம் நேருக்கு நேராகத் தெரிவித்துவிட்டு.

"தம்பி, உன் வலி எனக்குப் புரியுது. ஆனா இதை என்னால மறைக்க முடியாது. இப்பவே போலீசுக்குச் சொல்லப்போறேன்."

தேர்வறையில் செல்போனை அணைத்துவிட வேண்டும் என்பது இன்னொரு விதி. அக்கா அணைந்த போனையே காதில் வைத்தார். "போலீஸ் ஸ்டேஷனா? ஒருத்தரோட உயிருக்கு ஆபத்துங்க. விலாசம் சொல்றேன், குறிச்சுக்கங்க" என்று வாய்க்கு வந்த ஒரு தெருவையும் கதவு எண்ணையும் அடித்துவிட்டார்.

அவன் நெற்றியைச் சுருக்கினான். "எங்கண்ணன் வீடு அங்க இல்லையேக்கா."

தேர்வாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டார்.

"சரி, போலீஸ் அந்தத் தெருவுக்கே போகட்டும். நான் கெளம்புறேன்." அவன் எழுந்து, கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனான்.

"பிரமாதம்மா! எனக்கே குலை நடுங்கிப்போச்சு. நீங்க பாஸ்" என்றார் தேர்வாளர்.

அக்காவின் கண் கலங்கிவிட்டது. வேலை தப்பித்தது. "அந்த நடிகருக்கு ஒரு டீயாவது வாங்கிக் குடுக்கணும் சார்" என்று அவர் எழுந்தபோது கதவு திறந்தது. தோளில் பையோடு, மூச்சு வாங்க ஒருவர் நின்றார்.

"மன்னிச்சுக்கங்க, பஸ் கெடைக்கல. நடிக்க வரச் சொன்னது என்னைத்தான்."