ஒட்டாத எண்ணெய்

எண்ணெய் கொட்டிய கடலில் இறங்கி அள்ளுவதற்காக, தேசப்பனின் உச்சி முதல் உள்ளங்கால் வரை கம்பெனி தோலோடு தோலாக ஒரு சவ்வைப் பொருத்தியிருந்தது. தண்ணீரில் நனையும், எண்ணெய் மட்டும் ஒட்டாது.

இன்று அவன் பிணமாகக் கிடந்தான். குளிப்பாட்டுவதற்கு முன் அவன் தலையில் மனைவி கஸ்தூரி வைத்த நல்லெண்ணெய் உருண்டு பெஞ்சில் வழிந்தது. மறுபடி வைத்தாள். மறுபடியும் வழிந்தது.

சவ்வை வடிவமைத்த இன்ஜினியர் சபேசன் மாலையோடு வந்திருந்தார். குனிந்து பார்த்தவரின் முகம் மலர்ந்துவிட்டது.

“அடேங்கப்பா! இத்தனை வருஷம் கழிச்சும் ஒரு சொட்டு ஒட்டலியே!”

“இன்னா சார், சந்தோஷமா?” என்ற கஸ்தூரி, எண்ணெய்க் கிண்ணத்தை அவர் தலையில் கவிழ்த்தாள். “உனக்கு நல்லா ஒட்டுது பாரு.”

அவர் பதறித் துடைப்பதற்குள், பிணத்துக்குக் கரைத்து வைத்திருந்த சீயக்காயோடு நாத்தனார் அவரை நோக்கி எழுந்தாள்.