வெண்டல் வெட்டிய கூடுகள்

“இருபத்தஞ்சே இருபத்தஞ்சு தோட்டாக் கூடு போதும், டெல்பர்ட். மூணு வருஷமா சாக்குச் சாக்கா தூக்கிட்டுப் போனியே, அதுல ஒரு இருபத்தஞ்சு இல்லாமலா போச்சு?”

மார்லிஸ் காபியை ஊற்றிக்கொண்டே கேட்டார். டெல்பர்ட் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். மார்லிஸின் கணவர் வெண்டலை அடக்கம் செய்து ஐந்து வாரம் ஆகிறது. அதற்குப் பிறகு இந்தச் சமையலறைக்கு அவர் வருவது இதுதான் முதல் தடவை. அதுவும் மார்லிஸ் போன் செய்து கூப்பிட்டதால்.

“இப்ப எதுக்கு அது?”

“சனிக்கிழமை கிளப்புல வெண்டல் நினைவா களிமண் தட்டை மேலே வீசித் துப்பாக்கியால சுடுறாங்கல்ல? அவர் கையால வெட்டின கூட்டுல மருந்தடைச்சுச் சுடணும்னு எனக்கு ஆசை. முதல் ரவுண்டு நீதான்.”

டெல்பர்ட் காபியைக் குடிக்காமலே கீழே வைத்தார்.

சுட்ட தோட்டாவின் பிளாஸ்டிக் கூட்டை அந்தத் துப்பாக்கி சுடும் கிளப்பில் யாரும் எறிவதில்லை. பிய்ந்த வாயை வெட்டிவிட்டு, மறுபடி வெடிமருந்தும் ஈயக் குண்டும் அடைத்து, வாயை மடித்து மூடிச் சுடுவார்கள். வெட்டுவதற்கு வெண்டல் தானே ஒரு கருவி செய்திருந்தார். ஒரு பழைய மண்வெட்டிப் பிடியை இழைத்து, பக்கத்தில் சவர பிளேடு ஒன்றைத் திருகாணி போட்டு முடுக்கியிருந்தார். கூட்டை அந்தப் பிடியில் மாட்டி ஒரு சுற்றுச் சுற்றினால் வாய் கழன்று விழும்.

கைநடுக்கம் வந்து வயலை விட்ட பிறகு வெண்டலுக்கு அது ஒன்றுதான் வேலை. வியாழன்தோறும் டெல்பர்ட் ஒரு சாக்குக் காலிக் கூடு கொண்டுவருவார். முந்தின வாரம் வெட்டியதை எடுத்துப் போவார். “கிளப்பே உன்னை நம்பித்தான் இருக்கு, வெண்டல்” என்பார். டெல்பர்ட் தன் மனைவி லாவோன் இறந்த பின் தனியாக இருந்தவர். மார்லிஸ் சாப்பிட வைத்துத்தான் அனுப்புவார். சூடான சூப், வெண்டலின் கிண்டல், இரண்டு ஆட்டம் சீட்டு. அந்த வியாழக்கிழமைகளுக்கு டெல்பர்ட் மனசுக்குள் எத்தனையோ முறை நன்றி சொல்லியிருக்கிறார்.

ஆனால் வெட்டிய கூடு அத்தனையும் கோணல். ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி, மடித்து மூடவே முடியாது. ஒன்றுகூடச் சுடப்படவில்லை. எல்லாச் சாக்கும் டெல்பர்ட்டின் கொட்டகையில் கூரை வரைக்கும் கிடந்தது. இதை இப்போது இவளிடம் எப்படிச் சொல்வது?

“எல்லாம் சுட்டுத் தீர்ந்துபோச்சு, மார்லிஸ்.”

“பொய் சொன்னா உன் காது சிவக்கும். ரெண்டாங் கிளாஸ்லேருந்து பாக்குறேன்.”

“கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. எலி கடிச்சிடுச்சு.”

“பிளாஸ்டிக்கையா? உன் வீட்டு எலிக்கு அவ்வளவு பஞ்சமா?” மார்லிஸ் எழுந்து கோட்டை எடுத்தார். “வா, கொட்டகையில நானே தேடுறேன்.”

“வேண்டாம். உக்காரு.” டெல்பர்ட் தொப்பியைக் கசக்கினார். “ஒண்ணுகூடச் சுடல, மார்லிஸ். எல்லாமே கோணல். அந்த நடுங்குற கையைப் பாத்துட்டு நான் எப்படிச் சொல்லுவேன்? அவனுக்கு ஒரு வேலை இருக்கட்டும்னுதான் கொண்டுவந்தேன். திட்டணும்னா திட்டிக்கோ.”

மார்லிஸ் திட்டவில்லை. கோட்டை மறுபடி ஆணியில் மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்து, ஏலக்காய் ரொட்டியை அவர் பக்கம் நகர்த்தினார்.

“அஞ்சு வாரமா நீ எட்டிப் பாக்கலைன்னுதான் இந்தக் கூட்டுப் பேச்சையே எடுத்தேன். கோணல்னு எனக்கு முதல் நாளே தெரியும்.”

“தெரியுமா?”

“அம்பது வருஷமா தோட்டா அடைக்கிறியே, பெரிய மனுஷா! பிளேடு திருகாணியில நிக்குது. கூடுதான் சுத்துது. கை எப்படி நடுங்கினாலும் வெட்டு நேராத்தானே விழும்?”

டெல்பர்ட் நெற்றியில் அடித்துக்கொண்டார். இதை எப்படி யோசிக்காமல் போனோம்?

“வெண்டல்தான் வேணும்னே பிளேடைச் சாய்ச்சு வெச்சார். லாவோன் போனப்ப நீ கதவைச் சாத்திக்கிட்டு, யார் கூப்பிட்டும் வெளியே வரல, ஞாபகம் இருக்கா? அப்பதான் சொன்னார்: ‘பாவம்னு நாம கூப்பிட்டா டெல்பர்ட் வரமாட்டான், மார்லிஸ். நான்தான் பாவம்னு அவன் நினைச்சுட்டா, வாரம் தவறாம வந்து நம்மகூட உக்காந்து சாப்பிடுவான்.’”