வெண்புலியைப் பிரிக்காதே!

‘டோ ஜின்-உக்! வெண்புலியைப் பிரித்த துரோகியே! ஒளியாதே, வெளியே வா!’

வாசலில் நின்ற வாடகை வண்டியின் ராட்சதத் திரையில் சிவப்பு எழுத்துகள் ஓடின. ஒன்பதாவது மாடிக் கண்ணாடி வழியே ஜின்-உக் தன் பெயரைப் பார்த்தான். இத்தனை பெரிய எழுத்தில் அதை அவன் பார்ப்பது இதுதான் முதல் முறை.

"எட்டரைக்கு நான் வர்றேன், எனக்கு முன்னாடியே வந்து நிக்குது சனியன்!" பிரிவுத் தலைவர் மேங் திரைச்சீலையைச் சரக்கென்று இழுத்து மூடினார். "உன் பாஸ் கார்டைக் குடு."

"எதுக்கு சார்?"

"கீழ ரிப்போர்ட்டருங்க நிக்கிறானுங்க. நீ போய் எதையாவது உளறி வைக்கவா? குடுய்யா."

கார்டு அவருடைய சட்டைப்பைக்குள் போனது. அந்தக் கட்டடத்தில் அது இல்லாவிட்டால் லிஃப்ட் வராது. கழிப்பறைக் கதவுகூடத் திறக்காது.

அதன் பிறகு நான்கு மணி நேரமாக அதே அறை. மேஜையில் பாதி தின்ற கிம்பாப் சோற்றுச் சுருள். பக்கத்தில் ஒரு தாள். ‘கவசத்தைப் பிரித்தது முழுக்க முழுக்க என் யோசனை. மன்னியுங்கள்.’ அதன் அடியில் ஜின்-உக்கின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

கம்பெனியின் ஆன்லைன் விளையாட்டில் வரும் வெண்புலிக் கவசம் அவன் படைத்தது. தலைக்கவசம், மார்புக்கவசம், கையுறை, இடைவார், காலணி. ஐந்தையும் சேர்த்து அணிந்தால்தான் ஆடுபவனுக்குப் புலியின் பலம் வரும்; ஒன்றைக் கழற்றினாலும் போச்சு.

அந்த ஐந்தையும் சேர்க்க ஜனங்கள் இரண்டு வருஷம் தூக்கத்தைத் தொலைத்திருந்தார்கள். இனி சேர்த்தாலும் புலிப்பலம் கிடையாது, எல்லாம் தனித்தனி உருப்படிதான் என்று காலை பத்து மணிக்குக் கம்பெனி அறிவித்துவிட்டது. மாலை நாலுக்கு சர்வர் திறந்தால் புலி செத்தது.

"செட் சேர்த்தவன் அஞ்சோட நிறுத்திக்கிறான். அப்புறம் எதுக்குய்யா காசு கட்டி அதிர்ஷ்டப் பெட்டியைத் தொறப்பான்?" மேங் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "தனித்தனியா விட்டாத்தான் இந்த மாசம் தொப்பி, அடுத்த மாசம் செருப்புன்னு ஓடிட்டே இருப்பான்."

"ரசிகருங்க முன்னாடி லைவ்ல குனிஞ்சு வாக்கு குடுத்தேன் சார். நான் இருக்கிற வரைக்கும் வெண்புலியைப் பிரிக்க மாட்டேன்னு. அன்னிக்கு சந்தோஷத்துல இதே வாசலுக்குக் காபி வண்டி அனுப்பினாங்க. நீங்ககூட ரெண்டு கப் குடிச்சீங்க."

"குடிச்சேன். ஜீரணமாயிடுச்சு. கையெழுத்தைப் போடு."

"போட்டா பாங்யோ ஏரியாவுல ஒரு கேம் கம்பெனிகூட என்னை வேலைக்கு வெச்சுக்காது."

"போடலேன்னா இங்கயும் வேலை கிடையாது. மூணு மணிக்கு சேர்மன் வர்றாரு. அவர் வாசல்ல இறங்கும்போது பழி உன் தலையில இருக்கணும், புரியுதா?"

ஜின்-உக் தாளை ஓரமாகத் தள்ளினான். கதவைப் பார்த்தான். கதவருகே சிவப்பு விளக்கு கண்ணைச் சிமிட்டாமல் எரிந்தது.

மேங்கின் போன் அடித்தது. எழுந்து நின்று, போனுக்கே இரண்டு முறை குனிந்தார். "சரிங்க... கிளம்பிட்டாரா... முன்வாசல் வழியாவா? சரிங்க."

நெற்றியைத் துடைத்தபடி திரைச்சீலையை ஒரு விரலால் விலக்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஜின்-உக்... எழுத்து மாறியிருக்கு."

‘டோ ஜின்-உக் வெறும் கையுறை. தலைக்கவசம் யார்? சரியாக மூன்று மணிக்கு இதே திரையில் அந்தப் பெயர்!’

"தலைக்கவசம்னா... யாரைச் சொல்றானுங்க?" மேங்கின் குரல் கீழே இறங்கியிருந்தது.

"தெரியல சார். இந்தப் பிரிவுல எனக்கு மேல நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க."

சுவர்க் கடிகாரத்தில் இரண்டு முப்பத்தைந்து. மேங் கடிகாரத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மன்னிப்புத் தாளை எடுத்து நாலாகக் கிழித்தார்.

"உன் புலி செட்டாவே இருந்து தொலையட்டும்! அறிவிப்பைப் போடு. என் பேர்லயே போடு. ‘நான்தான் காப்பாத்தினேன்’னு ஒரு வரி சேர்த்துக்க!"

ஜின்-உக் விசைப்பலகையை இழுத்துத் தட்டினான். ‘வெண்புலிக் கவசம் பிரிக்கப்படாது.’ இரண்டு நாற்பத்தொன்றுக்கு அறிவிப்பு ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

"போ, போய் அந்த வண்டிக்காரன் கால்ல விழுந்தாவது கிளப்பு! சேர்மன் கார் வர்றப்ப வாசல் துடைச்சு வெச்ச மாதிரி இருக்கணும்." கார்டு மேஜைமேல் வந்து விழுந்தது.

லிஃப்ட் இறங்கியது. கண்ணாடிக் கதவு திறந்ததும் கேமராக்கள் படபடத்தன. ஜின்-உக் யாருக்கும் பதில் சொல்லாமல் நேரே வண்டி முன்னால் போய் நின்று, இடுப்பு ஒடியக் குனிந்தான். ஒன்பதாவது மாடித் திரைச்சீலை இடுக்கில் இரண்டு கண்கள் தெரிந்தன.

திரை அணைந்தது. டிரைவர் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, ரிப்போர்ட்டர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"நாளைக்கும் உங்களையே திட்டணுமா சார்?"